கோலாலம்பூர் நகர மையத்துப் பழைய மலிவு விடுதிகள்: அறிகுறி கண்டு கோளாறு தீர்க்கும் வழிமுறை

கோலாலம்பூரின் பூடு, பெட்டாலிங் சாலை, மஸ்ஜிட் இந்தியா, சௌக்கிட் வட்டாரங்களில் உள்ள மலிவு விலைத் தங்கும் விடுதிகளில் பல, பழைய கடைவீடுகளின் மேல்மாடிகளிலோ பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடிக் கட்டடங்களிலோ நடப்பவை. 1976இல் பூடுராயா பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு அதைச் சுற்றி இத்தகைய விடுதிகள் பெருகின. தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்துகள் 2011இல் பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்திற்கு மாறிய பின்பும் அவ்விடுதிகளுக்கான தேவை குறையவில்லை. கோலாலம்பூர் மருத்துவமனையில் படுத்திருக்கும் தந்தையைக் கவனித்துக்கொள்ள ஈப்போவிலிருந்து வரும் மகன், தீபாவளிக்கு முன் மஸ்ஜிட் இந்தியாவில் துணி எடுக்க சுங்கை பட்டாணியிலிருந்து வரும் குடும்பம், தைப்பூசத்திற்காகத் தமிழகத்திலிருந்து வரும் உறவினர்கள் ஆகியோருக்கெல்லாம் நகரின் நடுவில், நடந்து போகும் தொலைவில், கையைக் கடிக்காத வாடகையில் ஓர் அறை வேண்டும். அந்த அறையில் ஏதேனும் சரியில்லாதபோது, அது தாமே சரிசெய்யக்கூடியதா, விடுதிக்காரர் செய்ய வேண்டியதா, அல்லது உடனே வெளியேற வேண்டிய நிலையா என்று அவர்கள் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. அறைக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடத்தில், பெட்டியைத் திறக்காமல், கட்டிலில் உட்காராமல், அறையைச் சோதித்துவிட வேண்டும். பெட்டியைக் குளியலறையின் ஓடு பதித்த தரையில் வைப்பது நல்லது. மாலைக்குள் முறையிட்டால் மாற்று அறை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரவு பதினொரு மணிக்கு, பெட்டியிலிருந்த துணியெல்லாம் அலமாரிக்குப் போன பிறகு, விரிப்பும் கசங்கிய நிலையில் முறையிட்டால் முகப்பில் இருப்பவருக்கும் மனம் வராது, காலி அறையும் இருக்காது.

கதவைத் திறந்ததும் நாற்றம் வருகிறது

எந்த நாற்றம் என்பதைப் பொறுத்தே தீர்வு அமையும். குளியலறையிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தால், பெரும்பாலும் அந்த அறையில் சில நாளாக எவரும் தங்கவில்லை என்று பொருள். தரையிலுள்ள வடிகாலுக்கு அடியில் வளைந்த பகுதியில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கும். அந்த நீர் காய்ந்துவிட்டால் நாற்றமும் கரப்பான் பூச்சிகளும் தடையின்றி மேலே வரும். வடிகாலில் அரை வாளி நீரை ஊற்றி, குளியலறைக் கதவை மூடி, கால் மணி நேரம் காத்திருந்து பாருங்கள். நாற்றம் குறைந்தால் வேலை முடிந்தது. இரவில் வடிகால் மூடியின் மீது ஒரு ஞெகிழித் தாளை விரித்து நீர் நிறைத்த புட்டியை மேலே வைத்துவிட்டால் பூச்சிகளும் வாரா. நீர் இறங்காமல் தேங்கி நின்றால் அது குழாய் அடைப்பு. அறையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பூஞ்சை நாற்றம் வேறு வகை. கடைவீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உட்பகுதியும் கொண்டவை. அந்த நீளத்தை அறைகளாகத் தடுத்திருப்பதால் நடுவிலுள்ளவற்றுக்குச் சன்னலே இருப்பதில்லை. முன்பதிவுத் தளத்தில் மிகக் குறைந்த வாடகைக்குக் காட்டப்படும் அறை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். கோலாலம்பூரின் ஈரக் காற்றில் சன்னலில்லாத அறையின் சுவர்த்தாளும் கம்பளமும் பூஞ்சை பிடிப்பது இயல்பு. நறுமணத் தெளிப்பானை அடித்து அதை மறைக்க முயல வேண்டாம். ஆஸ்துமா உள்ளவரோ, மூச்சிழுப்புள்ள குழந்தையோ உடன் இருந்தால், சிறிது கூடுதலாகக் கொடுத்தாவது சன்னலுள்ள அறைக்கு மாறிவிடுங்கள்; அதில் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஏர்கோன் ஓடுகிறது, குளிரவில்லை. அல்லது தண்ணீர் சொட்டுகிறது

முதலில் ரிமோட்டைப் பாருங்கள். முந்தைய விருந்தினர் அதை வெறும் காற்றாடி நிலையில் விட்டுச் சென்றிருக்கலாம். திரையில் பனித்துகள் போன்ற குறி தெரிய வேண்டும். விசிறிக் குறியோ நீர்த்துளிக் குறியோ தெரிந்தால் நிலையை மாற்றுங்கள். அணைத்துப் போட்ட பிறகு கம்ப்ரசர் மீண்டும் இயங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் பொறுமை இழந்து மறுபடி மறுபடி அணைத்துப் போட்டால் அது இயங்கவே தொடங்காது.

பனித்துகள் குறி இருந்தும் குளிர் வரவில்லையெனில், உள்ளே இருக்கும் ஃபில்டரில் தூசி படிந்திருப்பதே அடிக்கடி காணப்படும் காரணம். முன்மூடியின் இரு ஓரங்களையும் பிடித்து மேலே தூக்கினால் அந்த வலை தெரியும். சாம்பல் நிறப் போர்வை போல் தூசி மூடியிருந்தால் நீங்கள் கழுவ வேண்டாம், அதைப் படமெடுத்து முகப்பில் காட்டி, “தம்பி, இதை மட்டும் கழுவிப் போட்டுத் தர முடியுமா?” என்று கேளுங்கள். பல விடுதிகளில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருப்பார். பத்து நிமிட வேலைதான்.

அடைத்த ஃபில்டருடன் வெப்பநிலையை 16 பாகைக்கு இறக்கி வைப்பது நிலைமையை மோசமாக்கும். காற்று போதாமல் உள்ளே இருக்கும் செப்புக் குழாய்ச் சுருளில் பனிக்கட்டி படியும். பனி மூடினால் காற்று மேலும் குறையும். பிறகு கருவியை அணைக்கும்போது அத்தனை பனியும் உருகி, பெரும்பாலும் தலையணை மீதே சொட்டும். வெறும் காற்றாடி நிலையில் ஒரு மணி நேரம் ஓட விட்டு, பனி உருகிய பின் 24 அல்லது 25 பாகையில் வைத்துப் பாருங்கள். ஃபில்டரைக் கழுவிய பின்னும் மீண்டும் பனி படிந்தால் சுருளில் அழுக்கு இருக்கிறது அல்லது வாயு குறைந்திருக்கிறது, அன்றிரவுக்குள் தீராது. பனியில்லாமல் நீர் மட்டும் விடாது சொட்டினால், நீர் வெளியேறும் குழாயில் பாசி அடைத்திருக்கிறது. கீழே வாளி வைப்பது ஓரிரவுக்குப் போதும். ஆனால் சொட்டும் இடத்திற்கு நேர்கீழே மின்செருகி இருந்தால் அங்கே வாளி வைத்துச் சமாளிக்கக் கூடாது, அறையை மாற்றுங்கள்.

வெந்நீர் வரவில்லை, நீர் மெல்ல வருகிறது, நீர் பழுப்பாக இருக்கிறது

பெரும்பாலான பழைய விடுதிகளில் குளியலறைச் சுவரில் பொருத்திய, ஓடும் நீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் வாட்டர் ஹீட்டர் இருக்கும். அதற்குரிய பெரிய சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, பல இடங்களில் கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தும் நீர் சூடாகவில்லையெனில் நீரின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவி குறிப்பிட்ட அளவு நீர் ஓடினால்தான் சூடேற்றத் தொடங்கும். எனவே குழாயை முழுதாகத் திறந்து, கருவியின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு எரிந்து நீர் வெதுவெதுப்பாக மட்டும் வந்தால், நேர்மாறாக வேகத்தைச் சிறிது குறைக்க வேண்டும். இந்த இரண்டையும் அறியாமல் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுப் போகும் முதியவர்கள் பலர்.

நீர் வேகமே இல்லையெனில் நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். கூரைமேல் தொட்டியிலிருந்து தன் எடையால் மட்டும் நீர் இறங்கும் கட்டடங்களில், தொட்டிக்கு மிக அருகிலிருக்கும் உச்சிமாடிக்குத்தான் அழுத்தம் மிகக் குறைவு. இரண்டாம் மாடியிலுள்ள அறையைக் கேட்டால் இக்குறை தானாகவே தீரும். கட்டடம் முழுவதும் நீர் நின்றுவிட்டால் குடிநீர் வழங்கும் நிறுவனமான ஆயர் சிலாங்கூரின் 15300 எண்ணில் அந்த வட்டாரத்திற்கு விநியோகத் தடை உள்ளதா என்று கேட்டறியலாம்.

காலையில் முதல் நீர் பழுப்பாக வருவது பழைய இரும்புக் குழாய்களின் துரு. இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டால் தெளியும். தெளியாவிட்டால் தொட்டி அழுக்கு, அந்த நீரில் வாய் கொப்பளிக்க வேண்டாம். குடிப்பதற்கும் குழந்தைக்குப் பால் கலக்கவும் எப்போதும் புட்டி நீரையே பயன்படுத்துங்கள்.

குழாயையோ குளியல் தெளிப்பானையோ தொடும்போது விரல்களில் மெல்லிய சுரீர் உணர்வு ஏற்பட்டால், அதைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது. அது மின்கசிவு. நீரை விட்டு உடனே வெளியே வாருங்கள், காய்ந்த கையால் வெளிச் சுவிட்சை அணையுங்கள், வேறு எவரும் அக்குளியலறைக்குள் போகாமல் தடுத்து, முகப்பில் சொல்லி அறையை மாற்றுங்கள். மின்கசிவுத் தடுப்பான் அடிக்கடி விழுந்து மின்சாரம் நின்றாலும் இதே நடவடிக்கைதான். அதை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுக் குளிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

உடலில் வரிசையாகத் தடிப்புகள். விரிப்பில் கருப்புப் புள்ளிகள்

மூட்டைப்பூச்சி வாடகையின் ஏற்றத்தாழ்வைப் பார்த்து வருவதில்லை. பயணிகளின் பெட்டிகளில் ஏறி வருகிறது. ஆயினும் ஆள் அடிக்கடி மாறும் விடுதிகளில் அது அதிகம் காணப்படுவது இயல்பு. தடிப்புகள் சிலருக்குச் சில நாள் கழித்தே தெரியும் என்பதால், கடிபடும் வரை காத்திராமல் முன்கூட்டியே தேட வேண்டும்.

விளக்குகளை அணைத்துவிட்டுக் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். விரிப்பின் தலைப்பக்க மூலையை உயர்த்தி, மெத்தையைச் சுற்றி ஓடும் தையல் மடிப்பைக் கட்டைவிரலால் மெல்லப் பிரித்துக்கொண்டே போங்கள். பேனாவின் மை தெறித்தது போன்ற கரும்புள்ளிகள், உதிர்ந்த வெளிர்மஞ்சள் தோல்கள், மடிப்புக்குள் ஒட்டிய வெண்ணிற முட்டைகள் ஆகியவையே அடையாளங்கள். ஐயமிருந்தால் ஈரமான மெல்லிய தாளால் ஒரு புள்ளியைத் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது செரித்த இரத்தம். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான பழுப்புநிறப் பூச்சி; கட்டில் தலைப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலும், திருகாணித் துளைகளிலும் ஒளிந்திருக்கும்.

அடையாளம் கிடைத்தால் படமெடுத்துவிட்டு வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறையையோ, நேர்மேலே அல்லது நேர்கீழே உள்ள அறையையோ ஏற்காதீர்கள், ஏனெனில் பூச்சி சுவர்ப் பிளவுகளின் வழியாகவும் மின்கம்பிக் குழாய்களின் வழியாகவும் அங்கே போயிருக்கும். வேறு மாடி கிடைக்காவிட்டால் வேறு விடுதிதான். கடையில் வாங்கிய பூச்சிமருந்தைக் கட்டிலில் தெளிப்பதில் பயன் குறைவு. பல இடங்களில் பூச்சிகள் அம்மருந்துகளுக்குப் பழகிவிட்டன, மருந்தோ உங்கள் நுரையீரலுக்குள் போகும்.

ஒருவேளை அங்கே ஓரிரவு தூங்கிவிட்டீர்களானால், பூச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே அடுத்த கவலை. இதில் கோலாலம்பூர் வசதியான ஊர். நகர மையத்தின் பெரும்பாலான பகுதிகளில் நாணயம் போட்டு இயக்கும் சுயசேவை டோபிக் கடைகளைக் காணலாம். துவைப்பதைவிட உலர்த்துவதுதான் இங்கே மருந்து. 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பூச்சியும் முட்டையும் மடியும். ஆகவே துணிகள் அனைத்தையும் உலர்த்தியில் உயர்ந்த வெப்பத்தில் குறைந்தது முப்பது நிமிடம் ஓட விடுங்கள். பட்டுப் புடவை போல் வெப்பம் தாங்காதவற்றைத் தனியே ஞெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி, ஊருக்குப் போன பின் ஒவ்வொன்றாக உதறிச் சோதிக்க வேண்டும். பெட்டியின் உட்தையல்களையும் சக்கரப் பள்ளங்களையும் தேய்த்துத் துடையுங்கள். முட்டை பொரிய ஒரு வாரத்திற்கும் மேல் ஆகலாம் என்பதால், வீடு திரும்பிய இரண்டு வாரம் வரை பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

இரவு தூங்க முடியவில்லை

சாலைப் பக்கத்து அறையில் வாகன ஒலி, பின்சந்துப் பக்கத்து அறையில் உணவகப் புகைபோக்கியும் அதிகாலைக் குப்பை லாரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய இடத்தில் நான் பின்பக்கத்தையே எடுப்பேன், ஏனெனில் அந்த ஒலி சில நிமிடங்களில் அடங்கிவிடும். மின்தூக்கியின் இயந்திர அறை உச்சிமாடிக்கு மேல் இருப்பது வழக்கம் என்பதால் உச்சிமாடி அமைதியாக இருக்கும் என்ற எண்ணம் சரியல்ல. சனிக்கிழமை மாலையில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் இரவுச் சந்தை கூடும். அந்நாளில் அதை ஒட்டிய விடுதியில் குழந்தையுடன் தங்குபவர் உட்புற அறையைக் கேட்பது நல்லது. மஸ்ஜிட் இந்தியா, மஸ்ஜிட் ஜாமெக் சுற்றுப்புறத்தில் விடியற்காலை ஆறு மணியை ஒட்டிப் பாங்கொலி கேட்கும். அது அவ்விடத்தின் வாழ்வு; முறையிட வேண்டிய கோளாறு அன்று.

தைப்பூசக் காலத்திற்கு மட்டும் தனியாகத் திட்டமிட வேண்டும். துன் எச்.எஸ்.லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படும் இரவில் சுற்றுச் சாலைகள் மூடப்படும். கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாகனம் விடுதி வாசலுக்கு வராது, ஓட்டுநர்கள் பதிவை நீக்கிக்கொண்டே இருப்பார்கள். அன்று மாலைக்குள் அறைக்கு வந்துவிடுங்கள், அல்லது ரயிலில் வந்து நடந்து போகும் தொலைவில் உள்ள விடுதியைப் பிடியுங்கள். பத்துமலைக்குக் கேடிஎம் கொமுட்டர் ரயில் நேரே செல்வதால் வாகனத்தை நம்பியிருக்க வேண்டியதும் இல்லை.

செருகி பொருந்தவில்லை, வெளியே போனதும் கைப்பேசி மின்னேற்றம் நின்றுவிடுகிறது

மலேசியாவில் தட்டையான மூன்று முனைச் செருகிகளே வழக்கம். தமிழகத்திலிருந்து கொண்டுவரும் உருண்டை முனைகள் பொருந்தா. மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மாற்றுச் செருகி ஒன்று போதும். மேல் துளையில் பேனாவை நுழைத்து இரண்டு முனைச் செருகியைத் திணிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். கீழ்த் துளைகளை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு உங்களுக்காகத்தான் இருக்கிறது. அறை அட்டையைக் கதவருகே செருகினால்தான் மின்சாரம் வரும் விடுதிகளில், அட்டையுடன் வெளியே போனால் மின்னேற்றமும் நிற்கும். இரண்டாவது அட்டை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். வைஃபை வலுவிழந்திருந்தால் தடித்த செங்கல் சுவர்களே காரணம்; உங்கள் கைப்பேசித் தரவை நம்புங்கள்.

முகப்பில் எதிர்பாராத தொகை கேட்கிறார்கள்

வெளிநாட்டு விருந்தினரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவது 2017 செப்டம்பர் முதல் சட்டப்படி நடைமுறையில் உள்ளது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் இது இல்லை. ஆகவே அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். முன்பதிவுத் தளமே இவ்வரியைச் சேர்த்து வாங்கியிருக்கவும் கூடும். இருமுறை கொடுக்காமலிருக்க, தளத்தின் கட்டண விவரத்தைத் திறந்து காட்டி, கொடுத்ததற்கு ரசீது பெறுங்கள். பதிவு செய்யப்பட்ட விடுதிகள் வாங்கும் சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு.

முன்பணம் கேட்பது வழக்கம். அதை ரொக்கமாகக் கொடுத்து ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வதே எளிது. பற்று அட்டையில் பிடித்து வைக்கும் தொகை விடுபடப் பல நாள் ஆகலாம், மருத்துவச் செலவுக்கு வந்தவருக்கு அது பெரும் இடைஞ்சல். டுரியானும் மங்குஸ்தீனும் அறைக்குள் கூடாது என்ற அறிவிப்பைப் புறக்கணித்தால் அந்த முன்பணம் போய்விடும். மங்குஸ்தீன் தோலின் கறை விரிப்பை விட்டுப் போகாது.

படிக்கட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறது

இதை அறிகுறியாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கோ இப்பட்டியலில் மிக முக்கியமானது இதுவே. ‘கெலுவார்’ (வெளியேறும் வழி) என்று பச்சை விளக்கெரியும் வாசல் வரை நடந்து போங்கள். போகும்போது உங்கள் அறையிலிருந்து எத்தனை கதவுகள் கடக்கின்றன என்று எண்ணுங்கள். புகை சூழ்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டே அந்த எண்ணிக்கையில்தான் போக முடியும். கதவைத் தள்ளித் திறந்து, கீழ்த்தளம் வரை இறங்கிப் பாருங்கள். மேலே திறந்திருந்து கீழே இரும்புக் கிராதியில் பூட்டுத் தொங்கும் கட்டடங்கள் உண்டு. படிகளில் பழைய மெத்தைகளும் விரிப்பு மூட்டைகளும் அடுக்கப்பட்டிருந்தாலும் அது அடைத்த வழிதான். அறைச் சன்னலில் கம்பி வலை இருந்தால் அதன் சாவி எங்கே என்று கேளுங்கள்.

பூட்டைத் திறந்து வைக்கும்படி பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். திருட்டுக்குப் பயந்து பூட்டியதாகச் சொல்வார்கள். அந்தப் பயம் உண்மையாக இருக்கலாம், ஆனால் தீ அதற்காகக் காத்திராது. திறக்க மறுத்தால் அங்கே தங்காதீர்கள், முதியவர்களைத் தங்க வைக்கவும் வேண்டாம். வெளியே வந்த பின் தீயணைப்பு மீட்புத் துறைக்கு முகவரியுடன் புகார் அனுப்புங்கள். அடுத்து அங்கே தங்கப் போகும் குடும்பத்திற்கு அது உதவும். தீ கண்டால் அழைக்க வேண்டிய எண் 999.

வெளியேற முடிவு செய்துவிட்டீர்கள், பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்

வாக்குவாதத்தில் நேரத்தைச் செலவிடாமல் சான்றுகளைத் திரட்டுங்கள். கோளாறின் படம், நேரம் தெரியும்படி ஒரு காணொளி, முகப்பில் சொன்ன நேரம், அவர்கள் தந்த பதில் ஆகியவற்றை அன்றே எழுத்தில் பதிவு செய்யுங்கள். தளத்தின் வழியாக முன்பதிவு செய்திருந்தால், விடுதியை விட்டுப் போவதற்கு முன்பே அத்தளத்தின் செய்திப் பெட்டியில் படங்களுடன் முறையிடுங்கள். போன பிறகு அனுப்பும் முறையீட்டுக்கு வலு குறைவு. மாற்று அறை தந்தார்களா, நீங்கள் ஏன் ஏற்கவில்லை என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

மலேசியாவில் வசிப்பவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவில் விடுதியின் விளம்பரப் பலகையிலுள்ள பெயர் போதாது. ரசீதில் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் தேவைப்படும். ஆகவே நூறு ரிங்கிட்டுக்குக் குறைந்த அறையானாலும் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.